தாளிக்காத கிண்ணம்

ஒரு கரண்டி எண்ணெயா ஒரு மனுஷியைக் கொன்றுவிடும் என்று புஷ்பத்திடம் கேட்காத ஆள் அந்த வீட்டில் பாக்கி கிடையாது. கேட்டவர்களில் ஒருத்தராவது தை மாதம் அவள் பட்ட பாட்டைப் பட்டிருக்க வேண்டும், அப்புறம் பேசட்டும். மேல்வயிற்றில் பிடித்த வலி நேரே முதுகுக்குப் போய்க் குத்தியதில், கழுவிக்கொண்டிருந்த அண்டாவுக்குப் பக்கத்திலேயே சுருண்டுவிட்டாள். அடையாறில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள். ரத்தத்தில் கொழுப்பு கண்டபடி ஏறி, கணையம் வீங்கிப்போயிருக்கிறது என்றார்கள். கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே ஐம்பத்துமூன்று வயதில் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

டாக்டரம்மா சின்ன வயசு, சுற்றி வளைக்கத் தெரியாதவள். எண்ணெய், நெய், தேங்காய், நிலக்கடலை எதையும் ஆறு மாதத்துக்கு நாக்கில் வைக்கக்கூடாது, மாத்திரை பாட்டுக்கு மாத்திரை, இன்னொரு தடவை இப்படி வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். புருஷன் சண்முகசுந்தரம் பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மளிகை லிஸ்ட்டுக்கு ஆட்டுகிற மாதிரி ஆட்டினார் என்று புஷ்பம் பின்னால் சொல்வாள்.

திசையன்விளையிலிருந்து பத்தொன்பது வயதில் கழுத்தில் புதுத்தாலியோடு தி.நகரில் வந்து இறங்கினவள் அவள். சண்முகசுந்தரத்துக்கு உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மேட்சிங் பிளவுஸ் துணிக்கடை. புடவையைக் கொண்டுவந்து காட்டினால் அதே நிறத்தில் துணியை உருவிப் போடுவார்கள். கடையில் பதினாலு பேர், அத்தனை பேரும் ஊர்ப்பக்கத்து ஆட்கள். மத்தியானச் சாப்பாடு முதலாளி வீட்டிலிருந்துதான் போகவேண்டும், அது மாமனார் காலத்து ஏற்பாடு. ஏற்பாடு மாமனாருடையது, அடுப்பு மட்டும் புஷ்பத்துடையது. முப்பத்துநாலு வருஷமாகப் பன்னிரண்டு மணிக்குக் கேரியர்கள் மாடியிலிருந்து இறங்கிவிடும். அப்புறம் வீட்டு ஆட்கள். அப்புறம் மூன்று மணிக்கு, அடிப்பிடித்ததையும் ஒட்டிக்கொண்டதையும் வழித்துப் போட்டு அவள் சாப்பிடுவாள். புஷ்பத்துக்கு என்ன பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர் கேட்டிருந்தால் பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைக்கலாம். யாரும் கேட்கவில்லை, தேங்காய் தப்பித்தது.

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் மாதம் வேகவைத்த காயும் மோரும். பதினாலு பேருக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு தாளித்து அனுப்பிவிட்டு, அந்த வாசனை வீடெல்லாம் நிற்கும்போதே இவள் வெந்த சுரைக்காயோடு உட்கார வேண்டும். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. மகள் சரண்யா, வேளச்சேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள், பச்சைக்காயை நறுக்கி சாலட் சாப்பிடும்மா என்று போனில் நாலைந்து வீடியோக்களைக் காட்டினாள். அத்தனையிலும் அந்தப் பெண்கள் எடுத்த எடுப்பிலேயே இரண்டு ஸ்பூன் ஆலிவ் எண்ணெயை ஊற்றினார்கள். எண்ணெய் இல்லாமல் ஒருத்திக்கும் கை நகராதா என்று புஷ்பம் போனைத் திட்டினாள். டிரெஸ்ஸிங் என்று அவர்கள் சொன்னதை எண்ணெயே இல்லாமல் தான் செய்து காட்டுவது என்று மறுநாளே இறங்கினாள்.

எலுமிச்சம்பழச் சாறு, உப்பு, மிளகுத்தூள். இது காயில் நிற்கமாட்டேன் என்றது. வழிந்து தட்டின் அடியில் போய்த் தேங்கியது. மேலே வெறும் வெள்ளரிக்காய், கடைசி வாய் மட்டும் பல் கூசும் புளிப்பு. எண்ணெய்க்கு என்ன வேலை என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. ருசி கொடுப்பதைவிட, இருக்கிற ருசியைக் காயோடு பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. அந்த வேலைக்கு வேறு ஆள் தேடவேண்டும். ஆடையெல்லாம் எடுத்த பாலில் தோய்த்த தயிரை ஊற்றிப் பார்த்தாள். வெள்ளரிக்காய் விட்ட தண்ணீரில் பத்து நிமிஷத்தில் மோராகிவிட்டது. பொரிகடலையை மாவாக்கிப் போட்டாள். சட்னியாகித் தொண்டையை அடைத்தது. நாலாம் நாள், சாம்பாருக்கு வெந்துகொண்டிருந்த பரங்கிக்காய்த் துண்டு ஒன்று கரண்டியின் பின்பக்கம் அப்பிக்கொண்டு, உதறினாலும் விழாமல் நின்றது. அடி சக்கை, நீதானா என்று அதைத் தனியே எடுத்துவைத்தாள்.

வெந்த பரங்கி இரண்டு துண்டு. தோல் கருகத் தீயில் சுட்டு உரித்த தக்காளி ஒன்று. துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த அதே தயிர் மூன்று கரண்டி. இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், வெறும் சட்டியில் வறுத்த சீரகம், துளிப் பெருங்காயம், உப்பு. எல்லாவற்றையும் மிக்ஸியில் நைசாக ஓட்டிவிட்டு எலுமிச்சம்பழத்தைக் கடைசியில்தான் பிழிந்தாள். வெள்ளரிக்காய், கேரட், முள்ளங்கி மேல் ஊற்றிப் புரட்டினாள். ஒட்டிக்கொண்டது. கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள், ஒரு சொட்டு வழியவில்லை.

காலை பதினோரு மணி. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, கேரியர்கள் மூடி திறந்து கிடக்கின்றன. அந்த நேரத்தில் புஷ்பம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கென்று செய்ததைத் தானே முதலில் சாப்பிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு ருசி. சுட்ட தக்காளி வாசனை மூக்கில் ஏற, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்க் காரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காரமாவது ஒன்றாவது, சந்தோஷம்தான்.

மூன்று நாளைக்கு ஒருமுறை அரைத்து, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டாள். மேல்தட்டின் இடது மூலை தன்னுடையது, அதில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அவள் தனக்கென்று கேட்டு வாங்கிய முதல் இடம் அது, ஒரு ஜாண் அகலம் இருக்கும்.

ஒரு வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. எட்டாம் நாள் மதினி செல்லக்கனி கண்டுகொண்டாள். மதினி என்றால் சண்முகசுந்தரத்தின் அக்கா. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்து இருபது வருஷமாகிறது. வாய் கொஞ்சம் நீளமே தவிர, தினமும் கீரை ஆய்ந்து, தேங்காய் துருவிக் கொடுத்து புஷ்பத்துக்குக் கூடமாட நின்றவள்தான். கிண்ணத்தில் என்னமோ போட்டுத் தின்கிறாயே, அதை எப்போது தாளிக்கிறாய் என்று கேட்டாள். தாளிப்பதில்லை என்றாள் புஷ்பம். செல்லக்கனி முகத்தில் ஈயாடவில்லை.

அவர்கள் ஊர்ப்பக்கம் சாவுக்குத் துட்டி என்று பேர். துட்டி விழுந்த வீட்டில் பதினாறு நாள் கடுகு வெடிக்கக்கூடாது, எண்ணெய் காயக்கூடாது. தாளிக்காத குழம்பும் தாளிக்காத காயும்தான். முதல் மாதம் புஷ்பம் தின்றது பத்தியம், மருந்து மாதிரி, அதில் குற்றமில்லை. எழுந்து நடமாடிச் சமைக்கிற சுமங்கலி, தினமும் ஆசை ஆசையாகக் கலந்து தாளிக்காமல் தின்றால் அது புருஷன் உயிருக்கு ஆகாது என்பது செல்லக்கனியின் கணக்கு. போதாததற்கு வைகாசியில் சரண்யாவுக்கு நிச்சயதார்த்தம் வேறு வைத்திருந்தது.

அக்கா சொன்னதைச் சண்முகசுந்தரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது புஷ்பத்திடம் கொண்டுவந்தார். ஒரே ஒரு சொட்டு எண்ணெயில் நாலு கடுகு போடேன், பேருக்குத்தானே என்றார். அது முடியாது என்றதும், சரி, வெறும் சட்டியிலாவது கடுகை வெடிக்க வை, சத்தம் கேட்டால் அக்கா மனசு ஆறிவிடும் என்று இறங்கிவந்தார். ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தபோது எழாத பேச்சு, கடுகு வெடிக்கவில்லை என்றதும் எழுகிறதே என்று புஷ்பத்துக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மனசு ஆறுவதற்காகவும் தான் சமைக்கவில்லை, இந்த ஒரு கிண்ணத்தையாவது தனக்காகச் சமைத்துக்கொள்கிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவர் மோரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். செல்லக்கனியும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. வாதம் முடிந்தது என்று புஷ்பம் நம்பினாள்.

அடுத்த மூன்று வாரம் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஏனென்றால் டிரெஸ்ஸிங் நாளுக்கு நாள் தேறிவந்தது. அதே பரங்கி, அதே தக்காளி. ஆனால் வழவழப்பு கூடி, நாக்கில் பட்டதும் ஒரு நிறைவு. கைப்பக்குவம் வந்துவிட்டது என்று சரண்யாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பாவம், எத்தனையோ கல்யாணச் சமையலை மோந்து பார்த்தே குறை சொல்கிற மூக்கு அது. தன் கை தேறிவிட்டது என்று நம்ப ஆசைப்பட்டதில் அந்த மூக்கும் ஏமாந்துபோனது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கேரியர் கட்டும்போது அதே வலி, அதே இடம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அடையாறுக்கு ஓடினார்கள். நல்ல காலம், வீக்கம் அதிகமில்லை, இரண்டு நாள் டிரிப்ஸோடு போயிற்று. ஆனால் இறங்கியிருந்த கொழுப்பு மறுபடி ஏறியிருந்தது. டாக்டரம்மா காகிதத்தைத் தட்டிக் காட்டி, என்ன சாப்பிட்டீர்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் புஷ்பம். சண்முகசுந்தரம் குறுக்கே விழுந்து, கடைக்கு வடை சுட்டோமே, அதில் ஒன்றைத் தின்றிருப்பாள், வாயைக் கட்டத் தெரியாது என்று டாக்டர் முன்னாலேயே சொன்னார். நர்ஸ் சிரித்தாள். வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவளுக்கு அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது, தை மாதத்திலிருந்து வாயில் போட்ட ஒவ்வொன்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எங்கேயும் தப்பு நடக்கவில்லை. அப்படியென்றால் பாக்கி அந்தப் பாட்டில் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் புதிதாகக் கொஞ்சம் டிரெஸ்ஸிங் அரைத்தாள். பீரோவிலிருந்து கடைத்துணியில் ஒரு துண்டு எடுத்தாள், வெளிர் ரோஜா நிற சாட்டின். மேட்சிங் கடைக்காரன் பெண்டாட்டிக்கு எதில் ஏமாந்தாலும் கறையில் ஏமாற்றம் வராது. தண்ணீர்க் கறை காய்ந்துவிடும், எண்ணெய்க் கறை காயாது. அதற்காக எத்தனை பீஸ் துணி திரும்பி வந்திருக்கிறது. புதிதாக அரைத்ததில் ஒரு சொட்டு இந்தப் பக்கம், பாட்டிலில் இருந்ததில் ஒரு சொட்டு அந்தப் பக்கம் வைத்து, ஃபேனுக்கு அடியில் விரித்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். அரைமணியில் இரண்டையும் சுரண்டி எடுத்தாள். இந்தப் பக்கம் லேசான மஞ்சள் மட்டும். அந்தப் பக்கம், வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் தெரிகிற அளவுக்குத் துணி கண்ணாடியாகி, சொட்டைச் சுற்றி எட்டணாக் காசு அகலத்துக்கு வட்டம் பரவியிருந்தது.

துணியைக் கொண்டுபோய்க் கூடத்தில் சண்முகசுந்தரத்தின் மடியில் போட்டாள். அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை, தொட்டுப் பார்த்ததுமே எண்ணெய் என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் எதிலிருந்து வந்த எண்ணெய் என்று புரிந்து, அக்கா இருந்த பக்கம் திரும்பினார்.

செல்லக்கனி மறைக்கவில்லை. புஷ்பம் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, கடுகை வடித்துவிட்டு எண்ணெயை மட்டும் பாட்டிலில் கலக்கியிருக்கிறாள். ஒவ்வொரு முறை அரைத்தபோதும் அப்படியே. உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை, ஒரு கரண்டி எண்ணெயா ஆளைக் கொல்லும் என்றாள் அவளும்.

"பதினாறு நாள் தாளிக்காத சோத்தத் தின்னவ நான். அது எப்படித் தொண்டையில இறங்கும்னு உனக்குத் தெரியாது, புஷ்பம். என் தம்பி உசுரோட இருக்கையில அந்தச் சோறு இந்த வீட்டுல இருக்கக்கூடாது. அதுக்குத்தான் செஞ்சேன்" என்றாள்.

அழுதாள். பொய்யழுகை இல்லை. அது தெரிந்ததால்தான் புஷ்பத்துக்கு இன்னும் கோபம் வந்தது.

"உங்க தம்பி உசுருக்கு நீங்க காவல் இருக்கீங்க, மதினி. என் உசுருக்கு யாரு இருக்கா? நான்தான் இருக்கேன். என் கிண்ணத்துல கை வைக்காதீங்க."

சண்முகசுந்தரம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா செய்தது தப்புதான் என்றார், அதோடு விட்டிருக்கலாம். நிச்சயதார்த்தம் வரைக்கும் இது வெளியே தெரிய வேண்டாம் என்றார். மாப்பிள்ளை வீடு உடன்குடி, அவர்களுக்கும் இதே சாஸ்திரம்தான்; பெண்ணின் தாய் தாளிக்காத கிண்ணத்தோடு மண்டபத்தில் உட்கார்ந்தால் சம்பந்தமே முறிந்துபோகும், அன்றைக்கு ஒருநாள் எல்லாரும் போனபின் வீட்டுக்கு வந்து சாப்பிடேன் என்றார். முப்பத்துநாலு வருஷமாக எல்லாரும் போனபின்தான் சாப்பிடுகிறேன், அதில்தான் இந்த உடம்பு இந்த லட்சணத்தில் இருக்கிறது என்றாள் புஷ்பம். சரண்யாவைக் கூப்பிட்டு, உன் நிச்சயம், நீ சொல் என்று கேட்டாள். மகளுக்கு மாப்பிள்ளை ஆனந்தகுமாரைப் பிடித்திருந்தது; இரண்டு வருஷப் பழக்கம். முகம் சுண்டிப்போனது அவளுக்கு. பிறகு, நீ இல்லாமல் எனக்கு எந்தக் கல்யாணமும் வேண்டாம், சாப்பிடும்மா என்றாள்.

வைகாசியில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன மண்டபம். தட்டு மாற்றி, பத்திரிகை படித்து, முதல் பந்திக்கு மாப்பிள்ளை வீட்டு ஆட்களை உட்காரவைத்தார்கள். பெண்வீட்டுப் பொம்பளைகள் கூட நின்று பரிமாறி உபசரித்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருவதுதான் வழக்கம். புஷ்பம் நேரே போய், மாப்பிள்ளையின் தாயாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். தூரத்தில் சண்முகசுந்தரம் ஒரு தூணோரமாக ஒதுங்கினார். செல்லக்கனி மண்டபத்துக்கு வந்திருந்தாளே தவிர, நல்ல காரியத்தில் முன்னால் நிற்கமாட்டாள், அவளாகப் போட்டுக்கொண்ட விதி. சமையல்கட்டு வாசலிலேயே நின்றாள்.

புஷ்பம் பையிலிருந்து கிண்ணத்தை எடுத்துக் காயை இலையில் வைத்தாள். பாட்டிலைத் திறந்து நிதானமாக மேலே ஊற்றினாள். பரங்கி நிறத்தில் அது காயோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் தாயார் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு நெற்றி சுருங்கியது.

"என்ன சம்பந்தி, இது தாளிக்காம இருக்கு?"

நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது. வயிற்றுக்கு ஆகாது என்று ஏதோ மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம், அப்படித்தான் சண்முகசுந்தரம் வேண்டிக்கொண்டிருந்தார். புஷ்பம் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆமா, தாளிக்கல. துட்டி விழுந்த வீட்டுல தாளிக்க மாட்டாங்க, எனக்கும் தெரியும். எங்க வீட்டுல துட்டி விழக்கூடாதுன்னுதான் நான் தாளிக்காமச் சாப்பிடுதேன்."

நிச்சயதார்த்தப் பந்தியில் துட்டி என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கமாட்டார்கள். இவள் இரண்டு தடவை உச்சரித்தாள். மாப்பிள்ளையின் தாயார் இலையில் வைத்த கையை எடுக்கவுமில்லை, பிசையவுமில்லை. அந்த நேரம் பார்த்து நெய் வந்தது. விருந்தில் பருப்புக்கு நெய் விழாமல் சாப்பிட ஆரம்பிக்கக்கூடாது என்பதால் பரிமாறுகிறவர் யாரையும் கேட்பதில்லை. புஷ்பம் இலையை இரண்டு கையாலும் மறைத்தாள். அவரோ, மங்கலத்துக்கு ஒரு சொட்டும்மா என்று கரண்டியைச் சாய்க்கிறார்.

சமையல்கட்டு வாசலிலிருந்து செல்லக்கனி வந்தாள். ஓடித்தான் வந்தாள். இருபது வருஷமாக ஒரு கல்யாணப் பந்திக்குள் கால் வைக்காதவள், அத்தனை பேர் பார்க்க உள்ளே நுழைந்து பரிமாறுகிறவரின் கையைப் பிடித்தாள். "அவளுக்கு ஊத்தாதீங்க. ஒரு சொட்டும் ஊத்தாதீங்க, செத்துப் போயிருவா" என்றாள். நெய் அவள் மணிக்கட்டில் சூடாக வழிந்தது. பரிமாறுகிறவர் அரண்டுபோய் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

புஷ்பம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை, அவ்வளவு சீக்கிரம் ஆறுகிற கோபமா அது. கையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், மதினி என்று மட்டும் சொல்லிவிட்டு இலைக்குத் திரும்பினாள். மாப்பிள்ளையின் தாயார் செல்லக்கனியைப் பார்த்தாள், புஷ்பத்தைப் பார்த்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று மெதுவாகக் கேட்டாள். புஷ்பம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் சோற்றைப் பிசைந்தாள்.

சாம்பார், ரசம், பாயசம், மோர் எல்லாம் வந்து போயின. முப்பது இலையும் காலி. புஷ்பம் மட்டும் இன்னும் மென்றுகொண்டிருந்தாள். பச்சைக்காய் அப்படிச் சட்டென்று உள்ளே போகிற பண்டம் இல்லை. பந்தியில் ஒருத்தர் முடிக்காமல் இன்னொருத்தர் எழுந்திருப்பது மரியாதை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும், இந்தப் பக்கம் சம்பந்தியம்மாளும், எச்சில் கையை மடக்கிக்கொண்டு, கடைக்காரர் பெண்டாட்டி சாப்பிட்டு முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். சண்முகசுந்தரம் தூணோரமாக நின்று சீக்கிரம் என்று கண்ஜாடை காட்டினார். புஷ்பம் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டி, மிச்சத்தையும் இலையில் ஊற்றிக்கொண்டு, இன்னொரு துண்டு வெள்ளரிக்காயை எடுத்து வாயில் போட்டாள்.